டிங்கிக்கு மின்மோட்டார்: கொடைக்கானலில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குத் தொழில் இன்வெர்ட்டரும் பேட்டரியும். ஆறு வருடத்துக்கு முன் வில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் குளத்தில் சும்மா கிடந்த ஒன்பதடி ஃபைபர் டிங்கிக்கு, அதாவது சின்னத் துடுப்புப் படகுக்கு, மின்மோட்டார் பூட்டிக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஒருவர், அவர் சொல்லி இன்னொருவர் என்று இப்போது தாண்டிக்குடியிலிருந்தும் போன் வருகிறது, குன்னூரிலிருந்தும் வருகிறது. கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே என் பதிலைப் போட்டிருக்கிறேன். தோட்டக் குளம், சின்ன ஏரி, எட்டு முதல் பன்னிரண்டு அடி டிங்கி, இதற்கு மட்டும்தான் இந்தப் பதில்கள். கடலுக்கு இவற்றை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அண்ணே, பரிசலுக்கும் இந்த மோட்டாரைப் போட்டுக்கலாமா?

வேண்டாம். இந்த மோட்டார்கள் படகின் பின்பலகையில் இரண்டு திருகால் இறுக்கி மாட்டுகிறவை. டிங்கிக்குப் பின்பக்கம் தட்டையாக வெட்டி, கெட்டியான பலகை வைத்திருப்பார்கள். பரிசலுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. ஒரு ஓரத்தில் மோட்டாரை மாட்டினால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கும். மன்னவனூரில் பரிசல் ஓட்டுகிறவர்கள் ஒற்றைத் துடுப்பால் செய்கிற வித்தையை மோட்டார் செய்யாது.

காற்றடித்த ரப்பர் படகாக இருந்தால், பின்னால் மரப்பலகை வைத்தது என்றால் மாட்டலாம். பலகை இல்லாத விளையாட்டுப் படகு என்றால் விட்டுவிடுங்கள்.

எத்தனை எச்.பி. மோட்டார் வாங்கணும்?

எச்.பி. கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். சின்ன மின்மோட்டார்களைத் தள்ளுவிசையில் விற்கிறார்கள், அதுவும் பவுண்டில். 30, 40, 55 என்று பெட்டியில் போட்டிருப்பது அதுதான். இந்த அளவெல்லாம் 12 வோல்ட்டில் ஓடும். 80 பவுண்டுக்கு 24 வோல்ட், 112க்கு 36 வோல்ட் என்று போகும். நமக்கு அது தேவையில்லை.

ஒரு 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் பெருக்கினால் 600 வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட். அதாவது ஒரு எச்.பி.கூட இல்லை. "ஒரு எச்.பி.கூட இல்லாததுக்கு இவ்வளவு விலையா" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். டிங்கி என்பது பைக் இல்லை, அதைத் தள்ள அவ்வளவுதான் வேண்டும்.

எடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஆள், பேட்டரி, சாமான் எல்லாம் ஏற்றிய மொத்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு தள்ளுவிசை. டிங்கி 60 கிலோ, இரண்டு பேர் 140, பேட்டரி 30, மோட்டார் 10, மற்றவை 10 என்று வைத்தால் 250 கிலோ. கணக்கு 11 பவுண்டு என்று வரும்.

11 பவுண்டுதான் வருதுன்னா கடைக்காரர் ஏன் சார் 55 எடுக்கச் சொல்றார்?

விலை கூடினது விற்றால் அவருக்கு லாபம், அது ஒரு காரணம். ஆனால் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அந்த 11 காற்றே இல்லாத நாளைக்கான கணக்கு. மலையில் காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கிற தண்ணீர் மதியத்துக்கு மேல் அப்படியே இருக்காது. பள்ளத்தாக்கு வழியாக ஏறி வருகிற காற்று டிங்கியைத் தக்கை மாதிரி ஒதுக்கிக்கொண்டு போகும். எதிர்க்காற்றில் கரைக்குத் திரும்பத்தான் கூடுதல் விசை வேண்டும்.

என் கணக்கு இது: ஒன்பது பத்தடி டிங்கிக்கு, இரண்டு பேர் போகிற சின்னக் குளம் என்றால் 30 போதும். காற்று பிடிக்கிற திறந்த ஏரி, அல்லது மூன்று பேர் என்றால் 40 அல்லது 45. பன்னிரண்டு அடி, நாலு பேர் என்றால்தான் 55. வில்பட்டி டிங்கியில் இருப்பது 55. அந்தத் தோட்டத்துக்காரர் எனக்குப் போன் பண்ணும் முன்பே வாங்கி வைத்திருந்தார்.

55 போட்டா வேகமாவது போகுமா?

கொஞ்சம். படகு நகரும்போது தன் நீளத்துக்கு ஏற்ற அலையைத் தானே எழுப்பிக்கொள்ளும். அந்த அலையைத் தாண்டி ஏற இந்தச் சின்ன மோட்டாருக்குத் தெம்பு கிடையாது. ஒன்பதடி டிங்கிக்கு அந்த எல்லை மணிக்கு ஏழு கிலோமீட்டர் சுமாருக்கு வரும். அதை நெருங்க நெருங்க மின்சாரத்தைக் குடித்துவிட்டுப் பின்பக்கத்தை அமுக்கும், அவ்வளவுதான்.

வில்பட்டியில் ஒருநாள் காலை, காற்றில்லாத நேரத்தில், ஒயரைக் கவ்வி ஆம்பியரைக் காட்டுகிற கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, போனில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். முழுசாகத் திருகினால் 50 ஆம்பியர், மணிக்கு 6.3 கிலோமீட்டர். கைப்பிடியைக் குறைத்துக்கொண்டே வந்து 4.5க்கு இறக்கியபோது மீட்டரில் 17 ஆம்பியர்தான் காட்டியது. வேகத்தில் விட்டது கால் பங்குக்குச் சற்று மேல். மின்சாரத்தில் மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு. தோட்டக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அப்புறம் அவர் முழுசாகத் திருகவே இல்லை.

அதனால் வாங்கும்போது கைப்பிடியைப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் முன்னால் ஐந்து, பின்னால் மூன்று என்று படிப்படியாக மாறுகிற சுவிட்ச் இருக்கும். அதில் குறைந்த வேகத்தில் வைத்தாலும் கொஞ்சம் மின்சாரம் வெறும் சூடாகப் போகும். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான், பழைய பெட்டி ரெகுலேட்டருக்கும் இப்போதைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கும் உள்ள வித்தியாசம். படியில்லாமல் திருகுகிற எலக்ட்ரானிக் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

பெட்ரோல் எஞ்சின்தானே சார் பவரு? எதுக்கு இந்த பேட்டரி வம்பு?

பவர் உண்மைதான், கீழே சமவெளியில். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இங்கே காற்று மெலிசு. எஞ்சின் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவு, அதனால் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். கார்புரேட்டரைச் சரிபண்ணாவிட்டால் புகையும் தள்ளும். வத்தலக்குண்டு ரோட்டில் பழைய லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்மோட்டார் மூச்சு விடுவதில்லை, கீழே என்ன விசையோ அதே விசைதான் இங்கேயும்.

இன்னொன்று, அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் கேரட்டுக்கும் பூண்டுக்கும் பாய்ச்சுகிறோம், சில இடத்தில் குடிக்கவும் செய்கிறோம். அதில் ஆயில் படலம் மிதப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் பெரிய ஏரியில் நாள் முழுக்க ஆள் ஏற்றி ஓட்டுகிற வேலை என்றால் நான் இப்போதும் பெட்ரோலைத்தான் சொல்வேன்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா இருக்கு, அதையே வெச்சுக்கலாமா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. பதில்: ஓடும், ஆனால் தூக்க முடியாது. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். கூடவே ஒரு ஆள் உட்கார்ந்த கணக்கு, அதுவும் இறங்கி நடக்காத ஆள். டிங்கி ஆடும்போது ஆசிட் தளும்பும். துணியில் பட்டால் ஓட்டை, கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். தற்காலிகமாக வைத்துப் பார்க்கலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பட்டையால் கட்டி, மூடியில் காற்றோட்டம் விட்டு வையுங்கள்.

கார் பேட்டரியை மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒரு நொடி பெரிதாகக் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏறிக்கொள்வதற்காக மெல்லிய தகடு வைத்துச் செய்தது. பாதிக்கு மேல் இறக்கி இறக்கி ஏற்றினால் ஒரு சீசன் தாங்காது. என் கடை மூலையில் அப்படிச் செத்த பேட்டரிகள் வரிசையாக இருக்கின்றன, வந்து பார்க்கலாம்.

எந்த பேட்டரியானாலும் வைக்கிற இடம் முக்கியம். பின்னால் மோட்டார், பின்னால் ஓட்டுகிறவர், பேட்டரியும் பின்னால் என்றால் முன்மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பலகை தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். பேட்டரி முன்பக்கம் போகட்டும்.

ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு நேரம் ஓடும்?

100 ஆம்பியர்-அவர் பேட்டரி, மோட்டார் இழுப்பது 50 ஆம்பியர், 100-ஐ 50-ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரம் என்று சொல்கிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரியான லெட்-ஆசிட் பேட்டரியில் அது நடக்காது. பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் 100 என்பது 50 ஆகிவிடும். அதையும் வேகமாக உறிஞ்சினால் முழுசாகத் தராது. முழு வேகத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் திரும்பும் யோசனை வர வேண்டும். மேலே சொன்ன 17 ஆம்பியர் வேகத்தில் போனால் மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும்.

அதே 100 ஆம்பியர்-அவர் லித்தியம் என்றால் 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம். முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், 17 ஆம்பியரில் ஐந்து மணி நேரம். எதுவானாலும் என் பழக்கம் ஒன்றுதான்: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு காற்றுக்கு.

அப்போ லித்தியமே வாங்கிடலாமா? குளிருக்குத் தாங்குமா?

காசு இருந்தால் வாங்குங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள், தீப்பிடிக்கிற பயம் அதில் மிகக் குறைவு. 100 ஆம்பியர்-அவர் பத்துப் பன்னிரண்டு கிலோதான், ஒரு கையில் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கலாம். குளத்துக்கும் வண்டி நிறுத்துகிற இடத்துக்கும் நடுவே ஐம்பது படி இருந்தால் இந்த ஒரு காரணமே போதும்.

குளிரைப் பற்றி: இயக்கும்போது பிரச்சினை இல்லை. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால்தான் உள்ளே கெடும், திரும்பச் சரியாகாது. மார்கழி, தை மாதம் அவலாஞ்சி, ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிற ராத்திரிகளில் படகுக் கொட்டகையில் சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குள் எடுத்து வந்து, காலையில் வெயில் ஏறியதும் போடுங்கள். லெட்-ஆசிட்டும் குளிரில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை மறைத்து வைத்துக்கொள்ளும், வெயில் வந்தால் திருப்பித் தரும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: உள்ளே இருக்கும் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரியைக் காக்கிற எலக்ட்ரானிக் போர்டு, தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தாங்கும்? ஒருவர் விலை குறைவு என்று 30 ஆம்பியர் பி.எம்.எஸ். வைத்ததை வாங்கி, 55 பவுண்டு மோட்டாரில் இணைத்தார். நடுக்குளத்தில் திருகினதும் பேட்டரி தானே அணைந்துவிட்டது. மோட்டார் இழுப்பதைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்.

மோட்டார் தண்டு நீளம் எவ்வளவு வேணும்?

டிங்கியைத் தண்ணீரில் விட்டு, ஆள் ஏறி உட்கார்ந்தபின் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளந்துகொள்ளுங்கள். தண்டின் அடியில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் மேல்நுனி தண்ணீருக்குக் கீழே ஒரு சாண் இருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்றை உறிஞ்சிச் சத்தம் போடும், தள்ளாது. சாதாரண டிங்கிக்கு 30 அங்குலத் தண்டு சரியாக வரும், ஏற்றி இறக்குகிற வளையமும் அதில் இருக்கும். சித்திரை வைகாசியில் குளம் வற்றினால் தண்டை உயர்த்தி வையுங்கள், சேறு கிளறினால் விசிறிக்குத்தான் கேடு.

எங்க குளத்துல பாசி அதிகம். சிக்கிக்காதா?

சிக்கும். மலைக் குளங்களில் மோட்டாருக்கு முதல் எதிரி காற்றில்லை, வேலம்பாசிதான். வில்பட்டியில் இரண்டாம் வாரமே பார்த்தோம். போய்க்கொண்டிருந்த டிங்கி மெதுவாகியது. தோட்டக்காரர் இன்னும் திருகினார். மோட்டார் முனகியது. எனக்கு முதலில் தெரிந்தது வாசனைதான், ஒயரின் பிளாஸ்டிக் சூடாகிற வாசனை. அணைத்துவிட்டு மோட்டாரைச் சாய்த்துத் தூக்கினால், விசிறியே தெரியவில்லை. பச்சைத் தலைமுடிக் கொண்டை மாதிரி, கையால் உரிக்க முடியாத அளவுக்கு இறுகிச் சுற்றியிருந்தது. கத்தி எடுத்து வரவில்லை. சாவிக்கொத்தில் இருந்த பாட்டில் திறப்பானால் அறுத்து எடுக்க அரைமணி ஆனது.

பாசியில் சிக்காத வளைவு வைத்த இரண்டு இலை விசிறி கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். சிக்க ஆரம்பித்தால் முன்னால் திருகாமல் சில நொடி பின்னோக்கி ஓட்டினால் பாதி உதிர்ந்துவிடும். கத்தி ஒன்று படகிலேயே கட்டிக் கிடக்கட்டும். மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். தூண்டில் நரம்பு உள்ளே சுற்றியிருந்தால் அது தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையத்தை (ஆயில் சீல்) அறுத்து, மோட்டாருக்குள் தண்ணீரை விடும்.

ரெண்டு பேட்டரியைச் சேர்த்தா பவர் கூடுமா?

எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் அதே 12 வோல்ட், நேரம் இரட்டிப்பு. இரண்டும் ஒரே வகை, ஒரே வயதாக இருக்க வேண்டும். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸில் கொடுத்தால் 24 வோல்ட். 12 வோல்ட் மோட்டாரில் அதைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் பறக்கும், அப்புறம் சுருள் கருகி ரிவைண்டிங்குக்கு என்னிடம் வரும். எல்லா மோட்டாருக்கும் ரிவைண்டிங் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணியில ஷாக் அடிக்குமா அண்ணே? எம்.சி.பி. போட்டா போதுமா?

12 வோல்ட் ஆளை அடிக்காது. அதன் ஆபத்து வேறு: ஒரு ஸ்பேனர் இரண்டு டெர்மினல் மேலும் விழுந்தால் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிவிடும். அதனால் டெர்மினலுக்கு ரப்பர் மூடி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே, மின்சாரம் மிஞ்சினால் தானே துண்டிக்கிற ஒரு பிரேக்கர். வீட்டில் போடுகிற ஏ.சி. எம்.சி.பி. இதற்கு ஆகாது. பேட்டரி தருகிற டி.சி. மின்சாரத்தில் அது திறக்கும்போது எழும் பொறி அணையாமல் உள்ளேயே எரியலாம். டி.சி. என்று போட்ட 60 ஆம்பியர் பிரேக்கரைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியை முன்பக்கம் வைக்கச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒயர் நீளும். 50 ஆம்பியருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், முனையில் லக் என்கிற உலோக வளையம் வைத்து அழுத்தி மாட்டியது. இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு வேலை வேண்டாம்.

வெளிநாட்டு மோட்டார்ல பேட்டரி மேலேயே இருக்கே, அது எப்படி?

டார்க்கீடோ, ஈ-புரொபல்ஷன் போன்ற கம்பெனி மோட்டார்களைச் சொல்கிறார்கள். இவை நாம் இதுவரை பேசிய, மீன்பிடிக்காரர்களுக்காக வந்த டிரோலிங் மோட்டார் ரகம் இல்லை, பெட்ரோல் எஞ்சின் இடத்தில் மாட்டுகிற முழு அவுட்போர்டு. சுமார் ஒரு கிலோவாட், லித்தியம் பேட்டரி தலையிலேயே உட்கார்ந்திருக்கும், தனியாகக் கழற்றி எடுத்துப் போகலாம், எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று திரையில் காட்டும். ஓட்டிப் பார்த்தேன், அருமையான சாமான். "3 எச்.பி.க்குச் சமம்" என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன பெட்ரோல் எஞ்சினைவிட இதன் விசிறி பெரியது, மெதுவாகச் சுற்றி அதிகம் தள்ளும், அதை வைத்து ஒப்பிட்டது.

குளத்தைச் சுற்றி வர இது தேவையா என்றால், இல்லை. அதுவும் பழுதானால் பார்க்க இங்கே ஆள் இல்லை, நானும் அதைத் திறக்க மாட்டேன். 12 வோல்ட் மோட்டாரும் தனி பேட்டரியும் என்றால் எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விமானத்தில் கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு: 160 வாட்-அவருக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரியைப் பயணி எடுத்துப் போக விட மாட்டார்கள். இவையெல்லாம் அதைப் போலப் பல மடங்கு.

நம்ம ஏரியிலேயே கொண்டுபோய் ஓட்டலாமா?

மோட்டார் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்கிறார்கள். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கியது கொடை ஏரி. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ரோயிங் கிளப் 1890இல் வந்தது. அதற்காக நாமும் ஒரு படகைக் கொண்டுபோய் இறக்கிவிட முடியாது. கொடை ஏரிக்கு நகராட்சியிடம் கேட்க வேண்டும். பேரிஜம் வனத்துறை கையில் இருக்கிறது, பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிற ஏரி, அங்கே யோசிக்கவே வேண்டாம். நீலகிரியில் பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் மின்வாரிய அணைகள்.

இயந்திரத்தால் ஓடும் உள்நாட்டுப் படகுகளுக்கு 2021இல் மத்திய சட்டம் ஒன்று வந்திருக்கிறது, பதிவும் சான்றும் அதில் பேசப்படுகின்றன. மின்மோட்டார்தானே, விலக்கு இருக்கும் என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள். ரிசார்ட் வைத்து விருந்தினரை ஏற்றுகிறவர்கள் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் மோட்டாருக்கே பணம் கட்ட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டும் இரண்டு துடுப்பும் எல்லோருக்கும், சொந்தக் குளமானாலும். இங்கத்துத் தண்ணீரின் குளிரில் நீச்சல் தெரிந்தவருக்கும் விழுந்த முதல் நிமிடம் மூச்சு அடைக்கும்.

பழைய மோட்டார் ஒண்ணு பாதி விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்கறது?

முதலில் விசிறியைக் கையால் சுற்றுங்கள். லேசான காந்தப் பிடிப்போடு ஒரே சீராகச் சுற்ற வேண்டும், கரகரவென்றால் உள்ளே துரு. விசிறியைக் கழற்றி, பாசிக் கேள்வியில் சொன்ன தூண்டில் நரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். தண்டை நேர்ப்பார்வையில் வைத்து வளைவு பாருங்கள். கடலில் ஓடிய மோட்டார் என்றால் திருகுகளில் வெள்ளைப் பூப்பு இருக்கும், அதை நான் தொடுவதில்லை.

அப்புறம் ஒரு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விசிறி முழுக அதில் இறக்கி, கிளாம்ப் மீட்டர் மாட்டி எல்லா வேகத்திலும் ஓட்டுங்கள். வெறும் காற்றில் ஓட்டிக் காட்டுவது எதையும் காட்டாது, மோட்டாருக்கும் கெடுதல். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வெளியே எடுத்துத் தலைகீழாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். விசிறிப் பக்கம் சொட்டுச் சொட்டாகக் கறுப்புத் தண்ணீர் வடிந்தால் சீல் போயிருக்கிறது. டிரம் இல்லை, மீட்டர் இல்லை, வண்டிக்கு நேரமாகிறது என்று விற்கிறவர் அவசரப்படுத்தினால் அந்த மோட்டாரை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.